கக்கத்துக் கட்டி

தை மாதம் முழுக்கக் கொளஞ்சியப்பனுக்குச் சவுக்கு வெட்டு இருந்தது. புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே, கடல் பக்கமாக இருக்கிற மணல் பூமியில் நெல் வராது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுவார்கள், இல்லாவிட்டால் சவுக்கு. நாலைந்து வருஷம் வளர்ந்த தோப்பை மொத்தமாகப் பேசி எடுத்து, ஆள் வைத்து வெட்டி, பட்டை உரித்து லாரியில் ஏற்றி விடுவது அவன் தொழில். விடிந்தும் விடியாமல் மிஷின் வாள் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஆட்களுக்கு அவன் அக்கா ரத்தினம்மாள்தான் சோறு ஆக்குவாள். கருவாட்டுக் குழம்பும் சோறும் தூக்கில் எடுத்துக்கொண்டு சுடுமணலில் அவள் நடந்து வருவதைப் பார்த்ததும் ஆட்கள் வாளை நிறுத்துவார்கள்.

அவள் அவனுக்கு அக்கா மட்டுமில்லை, மாமியாரும்தான். அவர்கள் பிறந்தது விருத்தாசலத்துக்கு மேற்கே. ரத்தினம்மாள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அம்மா செத்துப்போனபோது சின்னப் பையனாக இருந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து தன் மகள் இளவரசியோடு சேர்த்தே வளர்த்தாள். புருஷன் டிராக்டர் கவிழ்ந்து இறந்தான். மகள் காலேஜ் படிப்பு முடித்ததும் அவளைத் தம்பிக்கே கட்டி வைத்தாள். தாய்மாமன்தான், அதனால் இளவரசி கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவனை மாமா என்றே கூப்பிட்டாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இலக்கியா என்று பெயர் வைத்தார்கள். இன்னும் குப்புற விழப் பழகாத குழந்தை.

ஒரு நாள் காலையில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த இளவரசி, கையைத் தூக்கி அழுக்கைத் தேய்க்கும்போது நிறுத்தினாள்.

"அம்மா, இங்க வந்து பாரேன். கக்கத்துல என்னமோ உருண்டையா தட்டுது."

ரத்தினம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்து தொட்டுப் பார்த்தாள். இடது அக்குளில் கொட்டைப் பாக்கு அளவுக்குக் கட்டி. தொட்டால் குழந்தை அழவில்லை. ரத்தினம்மாளின் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"சூட்டுக் கட்டியா இருக்கும். வெளக்கெண்ணெ வையி."

"பொறந்தப்ப ஊசி போட்ட கை தானே இது?"

"ஆமா. அதனாலதான் இருக்கும்."

கட்டி அடங்கவில்லை. மாசி மாதத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்து, தோல் சிவந்து, ஒரு நாள் உடைந்தது. துணி வைத்து ஒற்ற ஒற்ற வெள்ளையாகச் சீழ் வந்துகொண்டே இருந்தது. உள்ளூர் டாக்டர் கீறிவிட்டு மருந்து கொடுத்தார். ஆறவில்லை. சாயங்காலமானால் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. பால் குடிப்பது குறைந்து, கன்னம் ஒட்டிப்போயிற்று.

அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் பாத்திமா மேரிதான் நர்ஸ். கடலூர்க்காரி. ஸ்கூட்டியில் வருவாள். பிறந்த குழந்தைக்குத் தோளில் போடுகிற காசநோய்த் தடுப்பூசியை இலக்கியாவுக்குப் போட்டது அவள்தான். புதன்கிழமை அங்கன்வாடியில் ஊசி போடுகிற நாள். ரத்தினம்மாள் குழந்தையை அங்கே தூக்கிப்போனாள். புண்ணைப் பார்த்ததும் பாத்திமா மேரியின் முகம் மாறியது.

"ஊசிக்குக் கட்டி கொஞ்சம் வரும், தானா போயிடும். இது அப்படி இல்ல. உடனே சிதம்பரத்துக்குக் கொண்டு போங்க. நான் பேசுறேன்."

ரத்தினம்மாளுக்குள் இரண்டு மாதமாகக் கிடந்ததெல்லாம் அந்த இடத்தில் வெடித்தது.

"கொண்டு போறதா? நல்லாருந்த புள்ள தோள்ல ஊசிய குத்தி சீழு புடிக்க வச்சிட்டு, இப்ப கொண்டு போன்னு சொல்றியா? எத்தினி புள்ளைங்கள இப்படி பண்ண போற?"

"அம்மா, சொல்றத கேளுங்க..."

"இன்னாத்த கேக்கறது?"

மேசைமேல் இருந்த ஐஸ் பெட்டியை ரத்தினம்மாள் ஒரே தள்ளாகத் தள்ளினாள். மருந்துக் குப்பிகள் வாசல் மணலில் சிதறின. குழந்தைகளோடு வரிசையில் நின்றிருந்த பெண்கள் பின்வாங்கினார்கள். பாத்திமா மேரி குந்தி உட்கார்ந்து குப்பிகளைப் பொறுக்கினாள். அவை இனி ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அன்றைக்கு யாரும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த புதன்கிழமையும் ஒருத்தரும் வரவில்லை.

சிதம்பரத்துக்குப் போகச் சொன்னது அவளாக இருந்தாலும் போகத்தான் வேண்டியிருந்தது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சேர்த்தார்கள். கொளஞ்சியப்பன் வெட்டு வேலையை ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். குழந்தைகள் வார்டில் அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் வெளியே வேப்ப மரத்தடியில் துண்டு விரித்துக் கிடந்தார்கள். ரத்தினம்மாள் ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளி அண்ணாமலை நகரில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டு அடுப்பில் கஞ்சி வைத்து எடுத்து வருவாள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சைக்கிளில் சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். அவள் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நடப்பாள்.

டாக்டர் பிரிசில்லா சின்ன வயசுக்காரி. அவசரப்படாமல் பேசுவாள். முதல் நாளே அப்பா, அம்மா, பாட்டி மூன்று பேரையும் உட்கார வைத்துக் கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"எங்க அக்கா பொண்ணுங்க," என்றான் கொளஞ்சியப்பன்.

"உங்க அம்மா அப்பா?"

"அவுங்களும் சொந்தந்தான். அத்த மவன், மாமன் மவ."

டாக்டர் எழுதிக்கொண்டாள். "குடும்பத்துல யாருக்காவது காசநோய், கழுத்துல நெறிகட்டி, சின்ன வயசுல இறந்து போன குழந்தை, அப்படி யாராவது உண்டா? யோசிச்சுச் சொல்லுங்க. முக்கியம்."

கொளஞ்சியப்பன் அக்காவைப் பார்த்தான். பழைய சங்கதிகள் அவளுக்குத்தான் தெரியும்.

"அப்படி யாரும் இல்லிங்க," என்றாள் ரத்தினம்மாள்.

சீழை எடுத்துப் பரிசோதித்ததில் தடுப்பூசியில் இருக்கிற கிருமிதான் அது என்று தெரிந்தது. மார்புக்குள்ளும் நெறி கட்டியிருந்தது. காசநோய் மருந்துகளை ஆரம்பித்தார்கள். குழந்தை, அப்பா, அம்மா மூன்று பேரின் ரத்தத்தையும் வெளியூர்ப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றாள் டாக்டர்.

பங்குனி வெயில் ஆரம்பித்துவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் விடுவதும் வருவதுமாக இருந்தது. இளவரசி தூங்குவதே இல்லை. கட்டிலை ஒட்டி உட்கார்ந்து, குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொளஞ்சியப்பன் இடையில் ஊருக்குப் போய் லாரி ஏற்றிவிட்டு, சவுக்குப் பட்டைக் கறை படிந்த சட்டையோடு திரும்பி வருவான். வந்ததும் ஜன்னல் கம்பி வழியாகக் கேட்பான்.

"பால் குடிச்சாளா?"

"செத்த குடிச்சா."

"நீ சாப்ட்டியா?"

"நீ போயி சாப்புடு மாமா."

சித்திரையில் முடிவு வந்தது. டாக்டர் பிரிசில்லா மூன்று பேரையும் கூப்பிட்டு ஒரு தாளில் வட்டம் வட்டமாக வரைந்தாள்.

"ஊசியிலயும் தப்பு இல்ல, போட்டவங்க மேலயும் தப்பு இல்ல. ஊசியில இருக்கறது பலம் போன கிருமி. சாதாரணக் குழந்தைங்க உடம்பு அத சுலபமா அடக்கிடும். எப்படின்னா, கிருமி உள்ள வந்ததும் ஒரு செல் அத முழுங்கிடும். முழுங்கிட்டு, பக்கத்துல இருக்கற இன்னொரு வகை செல்லுக்கு, இந்த மாதிரி வந்திருக்குன்னு தாக்கல் அனுப்பும். அந்த ரெண்டாவது செல் பதில் அனுப்பும். அந்தப் பதில் வந்தாத்தான் மொத செல்லுக்குக் கிருமியக் கொல்ற பலம் வரும்."

"சரிங்க," என்றான் கொளஞ்சியப்பன்.

"உங்க பாப்பா உடம்புல தாக்கல் போகுது. ஆனா ரெண்டாவது செல்லுக்கு அத வாங்கற காது இல்ல. அதனால பதில் வர்றதில்ல. கிருமி உள்ளயே உயிரோட இருக்கு."

"காது இன்னாத்துக்கு இல்லாம போச்சு?" இளவரசி கேட்டாள்.

"அந்தக் காத உண்டாக்கற மரபணு நம்ம எல்லாருக்கும் ரெண்டு இருக்கும். அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. உங்களுக்கு ஒண்ணு நல்லா இருக்கு, ஒண்ணு பழுது. உங்க வீட்டுக்காரருக்கும் அப்படியே. ஒண்ணு நல்லா இருந்தா போதும், உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. பாப்பாவுக்கு ரெண்டு பேர்கிட்டேருந்தும் பழுதானதே வந்துடுச்சு. ஒரே பழுது ரெண்டு பேர்கிட்டயும் இருக்குன்னா, உங்க குடும்பத்துல ரொம்ப நாளா இருந்திருக்கு."

மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

"பொழச்சிக்குவாளா?" என்று கேட்டான் கொளஞ்சியப்பன்.

"மருந்து கேக்குது. அதோட, உடம்பு அனுப்பாத அந்தப் பதில நாங்க ஊசியா போடப் போறோம். ரொம்ப நாள் போடணும். இந்த மாதிரிக் குழந்தைங்க நல்லா வளந்து பள்ளிக்கூடம் போறாங்க. நம்பிக்கையா இருங்க. ஆனா அடுத்து ஒரு குழந்தை பொறந்தா, ரத்தம் பாக்காம இந்த ஊசி போடக் கூடாது. நாலுல ஒரு பங்கு திரும்ப வர வாய்ப்பு இருக்கு."

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றார்கள். குழந்தையை ஒரு நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சியப்பன் மூன்று டீ வாங்கி வந்தான். ரத்தினம்மாள் டீயைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"தம்பி, ஒனக்கும் எனக்கும் நடுவுல ஒருத்தன் இருந்தான்," என்றாள்.

"யாரு?"

"பாலகுமாருன்னு பேரு. நீ கைப்புள்ள அப்ப. அவனுக்குக் கழுத்த சுத்தி கட்டி கட்டியா வந்து ஒடஞ்சிது. கண்டமாலன்னாங்க. பச்சில வச்சி கட்டுனாங்க. ஊருல தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டாங்க எங்க வூட்டுல. ஒரு மழ நாள்ல செத்துட்டான். நீயாவது தங்கணும்னு அம்மா கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வேண்டிக்கிட்டுத்தான் ஒனக்கு அந்தப் பேர வச்சுது."

இளவரசி அம்மாவைப் பார்த்தாள். "டாக்டரு கேட்டப்ப யாரும் இல்லன்ன?"

"சொல்ல பயமா இருந்துது."

"கக்கத்துல கட்டிய தொட்டுப் பாத்தப்பவே ஒனக்கு ஞாபகம் வந்துதா?"

ரத்தினம்மாள் ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "தம்பிக்கு நாலு எடத்துல பொண்ணு கேட்டேன். எல்லாரும் நாங்க பொறந்த ஊருக்குப் போயி விசாரிச்சிட்டு, கண்டமாலக்காரன் வூடுன்னு சொல்லி வாண்டாம்னுட்டாங்க. அதுக்கப்பறம்தான் ஒன்னய குடுத்தேன். வெளியில யாரும் குடுக்கலன்னா இன்னா, எம் பொண்ணு இருக்கான்னு ஒரு வீறாப்பு. அது கட்டி வர்ற சீக்குன்னுதான் தெரியும் தாயி. ரத்தத்துல வரும்னு தெரியாது."

"நான் மேல படிக்கணும்னு சொன்னேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"மாமாவுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நீ ஒருத்திதான் தெரிஞ்சி வச்சிக்கிட்டு இருந்திருக்க."

அவள் கத்தவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ ஊருக்குப் போம்மா. மாமா இங்க இருக்கட்டும். எனக்கு ஒன்னய பாக்க பாக்க வேற மாதிரி வருது."

கொளஞ்சியப்பன் அக்காவைப் பேருந்து நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விட்டான். கடலூர் வண்டி புறப்படும் வரை ஜன்னலோரம் நின்றான். சின்ன வயசில் அவனைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது அவள்தான் அப்படி நிற்பாள்.

"அவ சொன்னத மனசுல வச்சிக்காதக்கா."

"வச்சிக்காம? அவ சொன்னது நெசம்தானே."

"பாலகுமாரு எம் மாதிரி இருப்பானா?"

"காது மட்டும் ஒன்ன மாதிரி வெடச்சிக்கிட்டு இருக்கும்," என்றாள். வண்டி நகர்ந்தது.

ஊரில் வெட்டு நடந்துகொண்டுதான் இருந்தது. ரத்தினம்மாள் ஆட்களுக்குச் சோறு ஆக்கினாள், தூக்கைக் கொண்டுபோனாள், வந்தாள். வீட்டில் பேச ஆளில்லை. தம்பி போனில் சொல்லுவான், காய்ச்சல் விட்டிருக்கு, நூறு கிராம் ஏறியிருக்கு என்று. மகள் போனை வாங்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கலைமணி பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிரசவத்துக்குத் தாய் வீடு போய்விட்டுப் பையனோடு வந்திருந்தாள். வேலிக்கு மேலாகக் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

"இவனுக்கு ஊசி போட விடலக்கா. ஒம் பேத்திய பாத்துட்டு எங்க மாமியாரு ஒரே புடியா சொல்லிட்டாங்க. நம்ம தெருவுல இப்ப யாரும் போடறதில்ல. அந்த நர்சம்மா வந்து வந்து கெஞ்சிட்டுப் போவுது."

ரத்தினம்மாள் பையனைப் பார்த்தாள். கொழுகொழுவென்று இருந்தான். உதட்டோரம் பால் காய்ந்திருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் துணை சுகாதார நிலையத்துக்குப் போனாள். பாத்திமா மேரி தனியாக உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ரத்தினம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பாப்பா எப்படிம்மா இருக்கு?"

அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. ரத்தினம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேரியம்மா, ஒம் மேல தப்பில்ல. எங்க ரத்தத்துல கெடந்துது. டாக்டரு வரஞ்சி காட்டுனாங்க."

"தெரியும்மா. டாக்டர் போன் பண்ணாங்க."

"தெரிஞ்சா, ஊருல சொல்ல வேண்டியதுதானே? ஒம் பேரு கெட்டுக் கெடக்குதே."

"உங்க வூட்டு விஷயத்த நான் எப்படிம்மா ஊர்ல சொல்றது?" பாத்திமா மேரி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் எனக்கும் தூக்கம் இல்ல. எங்கயாவது எங் கை தவறிடுச்சா, ஊசி ஆழமா போயிடுச்சான்னு நெனச்சி நெனச்சி அழுதேன். மாதா கோயில்ல உங்க பாப்பா பேரச் சொல்லித்தான் செபம் பண்ணேன்."

ரத்தினம்மாள் உட்கார்ந்தாள். பிறகு பாத்திமா மேரி சொன்னாள்.

"எனக்கு என்ன கவலைன்னா, உங்க தெருவுலயே ரெண்டு பேரு டிபிக்கு மாத்திரை சாப்புடறாங்க. ஊசி போடாத பச்சப் புள்ளைங்க அந்தத் தெருவுலதான் வளருது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பொறுப்பு?"

"நான் பண்ண வேல அது," என்றாள் ரத்தினம்மாள். "நானே போயி சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"உள்ளதத்தான்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கலைமணி வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். கலைமணியும் மாமியார் மங்கலமும் முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தினம்மாளும் உட்கார்ந்து நாலு மல்லாட்டையை எடுத்து உடைத்தாள்.

"நாளைக்குப் பையனுக்கு ஊசி போட்டுடுங்க," என்றாள்.

மங்கலம் நிமிர்ந்து பார்த்தாள். "நீயா சொல்ற? அன்னிக்கு ஐஸ் பொட்டிய தள்ளி வுட்டவ நீதானே?"

"நான்தான். தெரியாம தள்ளுனேன். ஊசில ஒண்ணும் இல்ல. கொற எங்க ரத்தத்துல இருக்குது. எங்கம்மா அப்பன் சொந்தத்துல கட்டுனாங்க. நானும் சொந்தத்துலயே குடுத்தேன். ரெண்டு பக்கத்துக் கொறயும் ஒண்ணா சேந்து புள்ளைக்கு வந்துடுச்சி. எங் கூடப் பொறந்தவன் ஒருத்தன் கண்டமாலைல செத்தான். பாலகுமாருன்னு பேரு. அத நான் இந்த ஊருல யாருகிட்டயும் சொன்னதில்ல."

மல்லாட்டை உடைகிற சத்தம் நின்றுபோயிற்று. கலைமணி மெதுவாகக் கேட்டாள்.

"எங்களுக்கு வராதா அப்ப?"

"டாக்டருகிட்ட இதயே போன்ல கேட்டேன். நூறாயிரத்துல ஒரு வூட்டுல இருந்தா ஜாஸ்தியாம். நீ பண்ருட்டிப் பக்கத்துப் பொண்ணு. ஒம் புருஷனுக்கு நீ ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. ஒங்க ரெண்டு வூட்டுலயும் இந்த மாதிரி கட்டி வந்து செத்த புள்ள யாராவது உண்டா?"

"இல்ல," என்றாள் கலைமணி. மங்கலமும் தலையை ஆட்டினாள்.

"இதயும் நர்சம்மாகிட்ட சொல்லிட்டுப் போடு. இருமறவங்க ரெண்டு பேரு இருக்கற தெரு இது. சும்மா வச்சிருக்காத."

மங்கலம் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன் ரத்தினம், இத இப்படி வெளிய சொல்றியே, நாளைக்கு ஒங்க வூட்டுல யாரு பொண்ணு எடுப்பாங்க?"

"எடுக்கறவன் ரத்தத்த பாத்துட்டு எடுக்கட்டும். மறச்சி மறச்சிதானே இங்க வந்து நிக்குது."

அவள் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில், அவள் தண்ணீர் குடித்த செம்பைத் தனியாக எடுத்து வைத்ததைப் பார்த்தாள். அடுத்த வாசலுக்கு நடந்தாள். புதன்கிழமை அங்கன்வாடிக்கு மூன்று பேர் வந்தார்கள். கலைமணி பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டதால், பையனின் கையை ரத்தினம்மாள்தான் பிடித்துக்கொண்டாள். பாத்திமா மேரி ஊசியைத் தோளில் மேலாகச் செலுத்தியபோது தோல் சிறு கொப்புளம்போல் உப்பியது. பையன் வீறிட்டான். ரத்தினம்மாள் பிடியை விடவில்லை.

ஆனி மாதம், கடல் காற்று அடங்கிக் கிடந்த ஒரு சாயங்காலத்தில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மருந்து இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் போகும். வாரத்தில் மூன்று நாள் ஊசி. அதைப் பாத்திமா மேரியே வந்து போடுவதாகச் சொல்லியிருந்தாள். இலக்கியாவின் அக்குளில் புண் ஆறித் தோல் சுருங்கித் தழும்பாகியிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சவுக்கு ஏற்றின லாரியைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினாள். கொளஞ்சியப்பன் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு லாரியைச் சுற்றிக் காட்டப் போய்விட்டான்.

வீட்டுக்குள் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். ரத்தினம்மாள் சோற்றைப் போட்டு, கத்திரிக்காய் கொத்சை ஊற்றினாள். இளவரசி சாப்பிட்டாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டியாமே. நர்சம்மா சொன்னாங்க."

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும். ஒனக்கு அவமானமா இருந்தா..."

"எனக்கு இன்னா அவமானம்?" தட்டில் கையைக் கழுவினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும். அந்தக் கோவம் எனக்குப் போவாது. போவும்னு நெனச்சிக்காத."

"நெனைக்கல தாயி."

"மாமா இந்தப் புள்ள ஒண்ணே போதுங்கறாரு. நான் அத அப்பறம் பேசிக்கலாம்னுட்டேன். திரும்ப காலேஜுக்குப் போவலாமான்னு ஒரு யோசன இருக்குது. அதயும் அப்பறம்தான் பாக்கணும்." அவள் எழுந்து பையிலிருந்து மருந்து டப்பாவை எடுத்து அம்மா பக்கத்தில் வைத்தாள். "காலைல வெறும் வயித்துல குடுக்கணும். மாத்திரைய நுணுக்கி தண்ணில கரச்சி, கொஞ்சம் கொஞ்சமா. துப்புவா. துப்புனா திரும்ப ஊட்டணும். நாளைக்கு நீ குடு. நான் செத்த படுத்துக்கறேன்."

காலையில் ரத்தினம்மாள் குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டாள். மாத்திரை கரைந்த தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தது. பால் புகட்டுகிற பாலாடையில் கொஞ்சம் எடுத்து வாயோரமாக ஊற்றினாள். இலக்கியா முகத்தைச் சுளித்து, அவள் புடவையிலேயே துப்பினாள். ரத்தினம்மாள் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். மறுபடியும் துப்பல். மூன்றாவது தடவை மூக்கைச் செல்லமாகத் தடவிக் கொடுத்ததும் முழுங்கிவிட்டாள்.

"முழுங்கிட்டா இளவரசி," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்தும் தெரியாமல், வாயைத் திறந்துகொண்டு மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ரத்தினம்மாள் சத்தம் போடாமல் மிச்ச மருந்தைப் பாலாடையில் எடுத்தாள்.